பதினேழாம் நம்பர் பாஸ் போட்ட ஐந்து டயர்கள்

பாப்பா,

போன புதன்கிழமை சாயந்தரம் நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய். வண்டிக்கு வேறு டயர் போடலாம் என்று இருக்கிறேன், சேற்றில் நன்றாகப் பிடிக்கிற மாதிரி எது போட்டால் நல்லது என்று. நான் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தேன். நான் கொடுத்த டயரே புதுசு மாதிரி இருக்கிறதே, அதை முதலில் ஓட்டு, தேய்ந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு பேச்சை மழைப் பக்கம் திருப்பிவிட்டேன். நீயும் சரி நைனா என்று விட்டுவிட்டாய். நீ எதற்கும் அவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிறவள் இல்லை. ஒரு பேனா வாங்கிக் கொடுத்தால்கூட அது ஏன் நீலம், ஏன் கறுப்பு இல்லை என்று கேட்டவள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

நேற்று உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். ஒரு வாரமாக மனதில் வைத்துக்கொண்டு அவஸ்தைப்பட்டிருக்கிறாள். திருத்தணி ரோட்டில், தூறல் விழுந்த காலையில், முன்னால் போன பால் வண்டி சட்டென்று நின்றதாம். நீ பிரேக்கை மிதித்தாயாம். சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், பால் வண்டியில் இடிக்க ஒரு முழம் இருக்கும்போது நின்றதாம். அன்றைக்கு ஓரங்கட்டி உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறாய். கடைசியில் ஒன்று சொல்லியிருக்கிறாய்: "நைனா கிட்ட சொல்லாத மா. டயரு அவரு குடுத்தது. மனசு ஒடைஞ்சி பூடுவாரு." அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் செய்து, சேற்றில் பிடிக்கிற டயர் வேண்டும் என்று சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறாய்.

இதைப் போனில் பேசியிருக்கலாம். பேசினால் நடுவில் நான் கோபப்படுவேன், நீ சிரித்துச் சமாளிப்பாய், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். நாளைக் காலை அம்மா கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி வேப்பம்பட்டுக்கு வருவாள். மீன் குழம்புத் தூக்குக்குப் பக்கத்தில் இந்தக் கடிதமும் வரும். முதல் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியை எடுக்காதே. நேற்று ராத்திரியே மாப்பிள்ளைக்குப் போன் செய்து சாவியை வாங்கி வைக்கச் சொல்லிவிட்டேன். அவரிடம் சண்டை போடாதே, பாவம், காரணமே கேட்காமல் சரி மாமா என்றார். ஆர்.கே.பேட்டை மாட்டாஸ்பத்திரிக்கு இரண்டு நாள் பஸ்ஸில் போ. மாடுகள் கோபித்துக்கொள்ளாது.

இனி நீ கேட்டதற்குப் பதில். கேட்டது சாக்குக்காக என்றாலும் கேள்வி நல்ல கேள்விதான், அரைகுறையாக விட எனக்கு மனம் வரவில்லை. நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி வாங்குகிற எல்லோருக்கும் முதலில் வருகிற ஆசை, பெரிய பெரிய பட்டன் வைத்த மண் டயர். பார்க்க கம்பீரமாகத்தான் இருக்கும். உன் மீஞ்சூர் மாமாவுக்கும் அந்த ஆசை வந்தது உனக்கு நினைவிருக்கும். பவர் பிளான்ட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புக்கு, கடலில் இறங்கப் போகிறவர் மாதிரி மண் டயர் மாட்டிக்கொண்டு வந்தார். அவர் தெருமுனை திரும்பும்போதே நம் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது, அவ்வளவு இரைச்சல். மழைத் தார் ரோட்டில் அந்த டயர் வழுக்கும், ஏனென்றால் பெரிய பட்டனுக்கு நடுவில் இடைவெளிதான் அதிகம், ரோட்டைத் தொடுகிற ரப்பர் குறைவு. பெட்ரோலும் குடிக்கும். இத்தனைக்கும் அவர் வண்டி சேற்றைப் பார்த்தது வருஷத்தில் ஒரு நாள், அதுவும் நம் வீட்டுக்கு முன்னால் குடிநீர்க் குழாய் உடைந்த அன்றைக்கு. அதோடு நிற்கவில்லை மனிதர். முன்னால் பழைய சின்ன டயரை வைத்துக்கொண்டு பின்னால் மட்டும் பெரிய டயர் போட்டு, நான்கு சக்கர கியரையும் போட்டு ஓட்டினார். முன்சக்கரம் ஒரு கணக்கில் சுற்ற, பின்சக்கரம் ஒரு கணக்கில் சுற்ற, நடுவில் இருந்த கியர்பெட்டி அழுதுவிட்டது. அதனால் இதைக் கல்லில் எழுதி வைத்துக்கொள்: நான்கும் ஒரே அளவு, ஒரே ரகம், கூடுமானவரை ஒரே வயசு. ஸ்டெப்னியும் அதே.

உன் வண்டி ஓடுவதைக் கணக்குப் போட்டுப் பார். வேப்பம்பட்டிலிருந்து திருவள்ளூர், அங்கிருந்து திருத்தணி தாண்டி ஆர்.கே.பேட்டை வரைக்கும் தார் ரோடு. அதற்குப் பிறகுதான் ஏரிக்கரை, கரும்புத் தோட்டத்து வண்டித்தடம், மலையடிவாரத்துச் சரளை, மழை வந்தால் களிமண். பத்தில் எட்டுப் பங்கு தார், இரண்டு பங்கு மண். ஆனால் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டு மாடு கத்துகிறது என்று ஆள் ஓடி வருவது அந்த இரண்டு பங்கிலிருந்துதான். அதனால் முழு ரோடு டயரும் உனக்கு ஆகாது, முழு மண் டயரும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு, கடையில் ஏ.டி. என்று கேள். அதிலும் பட்டன் ரொம்ப அகலமாகப் பிரிந்து நிற்காத ரகமாகப் பார். பட்டனுக்குள்ளே மெல்லிய கீறல்கள் நிறைய ஓடுகிறதா என்று பார், மழைத் தண்ணீரில் பிடிப்பு கொடுப்பது அதுதான். பக்கவாட்டுச் சுவர் கெட்டியாக இருக்க வேண்டும், சரளைக்கல் கிழிப்பது அங்கேதான். வண்டிக் கம்பெனி கொடுத்த அளவைவிட அகலமாகப் போட்டால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்வார். சின்ன வண்டிக்கு வேண்டாம். ஒடுக்கமான டயர்தான் களிமண்ணை வெட்டிக்கொண்டு கீழே கெட்டித் தரையைத் தொடும்.

இவ்வளவு தெரிந்த மனிதன் உனக்கு ஏன் அந்த டயரைக் கொடுத்தான் என்று நீ கேட்க மாட்டாய். அதனால் நானே கேட்டுக்கொள்கிறேன்.

நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்த மழைக்காலத்தில் நம் சிவப்பு மாடு இரண்டு நாளாகக் கன்று போட முடியாமல் படுத்திருந்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஆட்டோக்காரர்கள் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டார்கள். அப்போது அந்தத் தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு சின்ன ஜீப் வந்து நம் வாசலில் நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண் டாக்டர். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, தோள்வரைக்கும் கை உறை மாட்டிக்கொண்டு, அரை மணி நேரத்தில் கன்றை வெளியே எடுத்துப் போட்டார். எல்லோரும் கன்றைப் பார்த்தோம். நீ மட்டும் ஜீப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். "நைனா, நானும் மாட்டு டாக்டரு ஆவேன். எனக்கு இந்த ஜீப்பு வாங்கிக் குடுப்பியா?" என்று கேட்டாய். உன் தாத்தா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வரப்பு அண்டை வெட்டினவர். அந்த நிலமே பிறகு கம்பெனிகள் வந்த எஸ்டேட் ஆகி, அதற்குள்ளே டயர் கம்பெனியில் எனக்கு ஷிப்ட் வேலை கிடைத்தது. ஜீப் எல்லாம் நம் வீட்டில் யாரும் கேட்ட பொருள் இல்லை. ஆனால் நீ கேட்ட விதத்தில், வாங்கிக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் போல எனக்கு ஆகிவிட்டது.

ஜீப் வாங்க எனக்கு வழி இல்லை. டயர் வாங்க வழி இருந்தது. எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு முறை ஆளுக்கு ஒரு சீட்டு தருவார்கள், அதைக் காட்டினால் ஒரு செட் டயர் குறைந்த விலையில் கிடைக்கும். வண்டி இல்லாதவர்கள் அந்தச் சீட்டை வண்டி உள்ள சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவோம். அந்த வருஷம் நான் கொடுக்கவில்லை. டாக்டரம்மாவின் ஜீப் டயரைக் குனிந்து அளவு பார்த்து வைத்திருந்தேன். நான்கோடு நிற்காமல் ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஐந்து டயர் எடுத்து மினி லாரியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா வாசலில் நின்று, "வண்டியே இல்லாத ஊட்டுக்கு இன்னாத்துக்குங்க டயரு?" என்றாள். பெண் பிறந்த வீட்டில் குண்டுமணி குண்டுமணியாகப் பொன் சேர்க்கிறார்கள், பித்தளைத் தவலை வாங்கிப் பரணில் போடுகிறார்கள், நான் டயர் சேர்க்கிறேன் என்றேன். எதிர்வீட்டுக்காரர்கள் வெகுநாள் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. ஏணி போட்டு ஏறி ஐந்தையும் எண்ணிவிட்டு வந்தாய்.

அந்த ஐந்தையும் நான் வைத்திருந்த மாதிரி நகையைக்கூட யாரும் வைத்திருக்க மாட்டார்கள். வெயில் படாத மூலை. மேலே அம்மாவின் பழைய நூல் புடவை. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் அடியில் உள்ளது நசுங்கும் என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை மேலே கீழே மாற்றுவேன். பளபளப்பு எண்ணெய் எதுவும் தடவினதில்லை. ஆயுத பூஜைக்குக் கீழே இறக்கி, ஈரத்துணியில் துடைத்து, வரிசையாகச் சாய்த்து வைத்து ஐந்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். உன் புத்தகங்கள் ஒரு பக்கம், என் வேலை டார்ச் ஒரு பக்கம், நடுவில் டயர். ஒவ்வொரு வருஷமும் நீ ஊரிலிருந்து வந்ததும் டயர் எப்படி இருக்கிறது நைனா என்று கேட்பாய். ராணி மாதிரி இருக்கிறது என்பேன். காலேஜில் நீ ஒவ்வொரு வருஷம் தேறும்போதும் ஜீப் ஒரு தெரு கிட்டே வந்த மாதிரி இருக்கும் எனக்கு.

ஆனால் டயர் பொன் இல்லை பாப்பா. பரணில் சும்மா இருந்தாலும் அதற்கு வயசாகும். ரப்பரில் இருக்கிற பசை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், இறுகும். வெளியே பட்டன் முழுசாக நிற்கும், ஒரு மில்லிமீட்டர் தேய்ந்திருக்காது, தொட்டால் கல் மாதிரி இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் நான்கு எண் போடுகிறார்கள். முதல் இரண்டும் எந்த வாரம், கடைசி இரண்டும் எந்த வருஷம். அஞ்சு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் காட்டிப் பார்க்க வேண்டும், பத்து தாண்டினால் பார்க்கவே வேண்டாம், கழற்றிவிட வேண்டும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். உன் கல்யாணப் பேச்சுக்கு வந்த அன்றே உன் மாமனாரைத் தெருவுக்கு அழைத்துப்போய், குனிய வைத்து, அவர் கார் டயரின் நான்கு எண்ணைப் படித்துக்காட்டி, மறு வாரமே மாற்ற வைத்தவன் நான். ஊருக்குத்தான் உபதேசம். உனக்கு நான் மாட்டிவிட்ட டயருக்கு வயசு பதினொன்று.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும், ஆனால் அதில் ஒரு வழக்கத்தை நான் வீட்டில் சொன்னதில்லை. அச்சில் வெந்து வெளியே வருகிற ஒவ்வொரு டயரும் என் கைக்கு வரும். டார்ச் அடித்து உள்ளே பார்ப்பேன், விரலை உட்புறம் முழுக்க ஓட்டுவேன். கடுகளவு காற்றுக்குமிழ் இருந்தாலும் விரல் சொல்லிவிடும். நல்லதென்றால் என் நம்பர் போட்ட சின்ன ஸ்டிக்கரை உள்ளே ஒட்டுவேன். பதினேழு. கெட்டதென்றால் அதற்கென்று இருக்கிற கத்தியால் ஓரக்கம்பியை வெட்டிவிடுவார்கள், யாரும் எடுத்துப்போய் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. வழக்கம் இதுதான்: ஒருவர் பாஸ் போட்ட டயரில் பின்னால் யாராவது குறை கண்டுபிடித்தால், அந்த டயரைப் பாஸ் போட்டவரே வந்து, ஷிப்ட் ஆட்கள் பார்க்க, தன் கையால் வெட்ட வேண்டும். திட்ட மாட்டார்கள், ஒன்றும் செய்ய மாட்டார்கள். ஆனால் வெட்டிவிட்டுப் போன ஆள் அன்றைக்கு கேன்டீனில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார். மாசக்கடைசியில் ஒரு முறை சூப்பர்வைசர் என் தோளில் கை போட்டு, லாரி நிற்கிறது, இந்த நாற்பதையும் சீக்கிரம் தள்ளிவிடு என்றார். நான் ஒவ்வொன்றாகத்தான் பார்த்தேன். மூன்றை எடுத்து வெளியே வைத்தேன். இதில் ஏறிப் போகிறவன் யார் பெற்ற பிள்ளையோ என்று அவரிடம் கேட்டேன். அவர் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அந்தக் கத்தியைத் தொட்டதில்லை. இதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்கவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதுக்கு வந்துவிட்டேன். இரண்டு டீ குடித்துவிட்டேன், இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறேன்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு டயர்களைத் துடைக்கும்போது மூன்றாவது டயரில், பட்டன்களுக்கு நடுவில், தலைமுடி மாதிரி கீறல்களைப் பார்த்தேன். வயசான ரப்பர் விடுகிற கீறல். வேறு யார் டயராக இருந்திருந்தாலும் அரை நிமிஷத்தில் தூக்கி வெளியே போட்டிருப்பேன். சுற்றும் முற்றும் பார்த்தேன். நீ உள்ளே பொரி பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தாய். எப்போதும் டயருக்கு நடு உச்சியில் வைக்கிற சந்தனத்தை, அந்த வருஷம் அந்தக் கீறல் மேலே வைத்தேன். நன்றாக அழுத்தி வைத்தேன். அதன் மேல் குங்குமமும் வைத்தேன்.

ஏன் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். உனக்கு அப்போதுதான் வேலை உறுதியாகியிருந்தது. அதே மாதிரி பழைய ஜீப் ஒன்று பார்த்திருக்கிறேன் நைனா என்று சொல்லிக்கொண்டிருந்தாய். ஜீப் நீ உன் சம்பளத்தில் வாங்குகிறாய். கல்யாணமும் நீயும் மாப்பிள்ளையுமாகப் பேசி எளிமையாக முடித்துக்கொண்டீர்கள். நான் உனக்கென்று கொடுக்க மிச்சம் இருந்தது அந்த ஐந்து டயர்தான். அதுவும் இல்லை என்று ஆகிவிட்டால் இத்தனை வருஷம் நான் பரணில் எதைப் பொத்தி வைத்திருந்தேன்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எனக்கு என் குஞ்சுக்கு வாங்கிய டயரும் பொன்னாகத் தெரிந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் நீ வண்டியோடு வந்தபோது பைபாஸ் பக்கத்துக் கடையில் டயர் மாட்டினோமே, நீ இளநீர் வாங்கப் போயிருந்தாய். பாஷா, அதுதான் டயர் மாட்டுகிற பையன் என்று நான் இன்னும் சொல்கிற அந்த நாற்பது வயது ஆள், டயரை ரிம்மில் ஏற்றும்போது நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, பட்டன் நல்லாத்தான் கீது. ரப்பரு செத்துப் போச்சுண்ணே. பாப்பா வண்டிக்கு இது வாணாம்." அப்படியே சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ எனக்கு டயரு பாக்கக் கத்துக் குடுக்கிறியா?" என்றேன். எந்தக் குரலில் சூப்பர்வைசர் என்னிடம் பேசியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேனோ, அந்தக் குரலில் பேசினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மாட்டிக் கொடுத்தார். நீ இளநீரோடு வந்தாய். நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். நான் வேறு பக்கம் திரும்பி நின்றேன்.

இன்று காலை நான் செய்த முதல் வேலை பாஷாவின் கடைக்குப் போனது. அன்றைக்கு அவர் சொன்னதுதான் சரி, நான் பேசியது தப்பு என்று சொன்னேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிறகு ஒரு விஷயம் சொன்னார். போன மாதமே நீ அவருக்குப் போன் செய்து அந்த நான்கு எண்ணைப் படித்துக்காட்டி, எத்தனை நாள் ஓட்டலாம் என்று கேட்டிருக்கிறாய். உடனே மாற்றச் சொல்லியிருக்கிறார். ஆயுத பூஜை வரைக்கும் ஓட்டிவிட்டு மாற்றிக்கொள்கிறேன், நைனா அன்றைக்கு டயருக்குப் பொட்டு வைக்க ஆசைப்படுவார் என்றாயாம்.

பாப்பா, இதைக் கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த நிமிஷம் வந்த கோபமும் கொஞ்சமில்லை. இரண்டையும் எழுதிவிடுகிறேன். தெரிந்தே ஓட்டியிருக்கிறாய். நான் தெரிந்தே மாட்டியிருக்கிறேன், நீ தெரிந்தே ஓட்டியிருக்கிறாய், உன் அம்மா தெரிந்தே ஒரு வாரம் கீரை ஆய்ந்திருக்கிறாள். மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் வைத்த பாசத்தில், நடுவில் ஒரு பால் வண்டி நின்றதை யாரும் பார்க்கவில்லை. என் மனசு உடைந்துவிடும் என்று பயந்தாயே, உடைந்தால் உடையட்டுமே. சர்க்கரையைத் தாங்குகிறேன், முட்டிவலியைத் தாங்குகிறேன், இதையா தாங்க மாட்டேன்? உனக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது, அதனால் சொல்கிறேன். வீட்டில் யார் மனதையும் காப்பாற்றுவதற்காக உன் உயிரை அடமானம் வைக்காதே. மாப்பிள்ளை மனமாக இருந்தாலும் சரி, என் மனமாக இருந்தாலும் சரி. நான் உனக்குச் சொல்ல வேண்டிய புத்திமதி எல்லாம் இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் நீயே தெரிந்துகொண்டுவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ரயிலில் நான் வருகிறேன். வேப்பம்பட்டிலேயே பக்கத்தில் எங்காவது நல்ல கடையாகப் பார்த்து வை, வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுக்க வேண்டாம். டயரை நீதான் பொறுக்க வேண்டும். நான் சும்மா நிற்பேன், கஷ்டம்தான், ஆனாலும் நிற்பேன். நான்கு எண்ணை முதலில் படி. இந்த வருஷத்து டயர் இல்லாவிட்டால், விலை எவ்வளவு குறைத்தாலும், திரும்பி வந்துவிடு. ஐந்தும் ஒரே சமயத்தில் வாங்கு, பரணில் போட ஆறாவது வேண்டாம். மாட்டிய பிறகு கொஞ்ச நாளைக்கு மெதுவாக ஓட்டு, புது ரப்பர் ரோட்டோடு பழக வேண்டும். காற்றைக் காலையில், டயர் சூடாவதற்கு முன் அளந்து பார், காலால் உதைத்துப் பார்க்கிற வித்தை மீஞ்சூர் மாமாவோடு போகட்டும். ஏரிக்கரைச் சேற்றிலோ ஆற்று மணலிலோ இறங்கினால் கொஞ்சம் காற்றை இறக்கிக்கொள், தார் ரோட்டுக்கு ஏறியதும் மறக்காமல் ஏற்றிக்கொள். காய்ந்த தாரில் நான்கு சக்கர கியர் போடாதே. கன்று காத்திருக்கிறது என்று பறக்காதே, நீ போய்ச் சேர்ந்தால்தான் அதற்கும் நல்லது.

கழற்றிய ஐந்தையும் கடையில் விட்டுவிட்டு வராதே. அவர்கள் யாருக்காவது, பட்டன் புதுசு மாதிரி இருக்கிறதே என்று, மாட்டிவிடுவார்கள். யார் பெற்ற பிள்ளையோ. உன் வீட்டுப் பின்பக்கம் கொண்டுபோய் வை. வெட்டுகிற கத்தியை எங்கள் கம்பெனியின் பழைய ஆள் ஒருவரிடம் இரவல் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், எதற்கு என்று கேட்டார், சொல்லிவிட்டேன். இந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பொட்டு உன் புது டயருக்கு வைப்போம், கீறல் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து.

டயரைக் கழற்றினதும் உள்ளே டார்ச் அடித்துப் பார். ஐந்திலும் என் ஸ்டிக்கர் இருக்கும், பரணில் ஏற்றிய அன்றைக்கு ஆசையாக நானே ஒட்டியது. பதினேழாம் நம்பர் தவறாகப் பாஸ் போட்டது அந்த ஐந்துதான், அந்த ஐந்திலும் ஏறிப் போனது நான் பெற்ற பிள்ளை. பாஸ் போட்டவன்தான் வெட்ட வேண்டும், யாராவது பார்க்க வேண்டும். ஷிப்ட் ஆட்கள் இல்லை. நீ வந்து பக்கத்தில் நில், பாப்பா. வெட்டி முடித்ததும் சாப்பாட்டுக்கு மட்டும் என்னைத் தனியாக உட்கார வைக்காதே.

நைனா